வராத பிள்ளைக்கு என்ன புள்ளி?

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். ஸ்காபரோவில் நீயும் வீட்டாரும் சுகம்தானே? நல்லூர்த் திருவிழா முடிந்து வீதியெல்லாம் வெறிச்சோடிப் போச்சு. பனம்பழம் விழுகிற காலம். அம்மா பினாட்டுப் போடுகிறா, வருகிற ஆரிடமாவது கொடுத்து விடுகிறேன்.

உங்கட வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் புள்ளித்தாளுக்கு எக்செல் சூத்திரம் கேட்டிருந்தாய். எங்கட சனசமூக நிலைய மாலை வகுப்புக்குப் போட்டதையே எழுதுகிறேன். தரம் இலங்கைச் சாதாரணதரப் பரீட்சை மாதிரித்தான்: 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ், அதற்குக் கீழே டபிள்யூ (சித்தியில்லை). நிபந்தனை சரியென்றால் ஒன்றும் பிழையென்றால் இன்னொன்றும் தருகிற இஃப் (IF) சார்பை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது 75இல் இருந்து கீழே இறங்கி வா. சரியான முதல் நிபந்தனையோடு அது நின்றுவிடும். 35இல் தொடங்கினால் 90 எடுத்த பிள்ளைக்கும் எஸ்தான். 2019 பதிப்பில் இருந்து பல நிபந்தனைகளை ஒன்றாக அடுக்கும் இஃப்எஸ் (IFS) என்ற சார்பும் உண்டு, அடைப்புக்குறித் தொல்லை குறைவு. நிலையத்துக் கணினி பழசு என்பதால் நான் இஃப்போடு நிற்கிறேன்.

புள்ளி இருக்கும் கலம் பி2 (B2) என்று வை. கணிதக் கொப்பியில் எழுதுவது போல 35<=பி2<=49 என்று சிலர் எழுதுகிறார்கள். எக்செல் பிழை காட்டாது, ஆனால் எப்போதும் ஃபோல்ஸ் (FALSE, பிழை) என்றே சொல்லும். முதற்பாதிக்கு ட்ரூ (TRUE, சரி) அல்லது ஃபோல்ஸ் என்று விடை எடுத்து, அந்த விடையைத்தான் 49உடன் ஒப்பிடுகிறது. அதன் வரிசையில் எண் சிறியது, எழுத்து அதைவிடப் பெரியது, ட்ரூவும் ஃபோல்ஸும் எல்லாவற்றிலும் பெரியவை. இரண்டு எல்லை வேண்டுமென்றால், இரண்டும் சரியா என்று பார்க்கிற அன்ட் (AND) சார்பால் அன்ட்(பி2>=35,பி2<=49) என்று எழுது.

அந்த வரிசையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. சோதனைக்கு வராத பிள்ளையின் கலத்தில் ஆசிரியர் "வரவில்லை" என்று எழுதுவார். எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது என்பதால் 75க்கு மேல் என்று கொண்டு ஏ போட்டுவிடும். கலத்தை வெறுமையாக விட்டாலோ பூச்சியம் என்று எடுத்து டபிள்யூ போடும். காய்ச்சலில் படுத்துக் கிடந்த பிள்ளைக்கு இரண்டுமே அநியாயம் மச்சான். ஆகவே முதற்கேள்வி "கலத்தில் எண் இருக்கிறதா?" என்பதாக இருக்கட்டும். அதை இஸ்நம்பர் (ISNUMBER) பார்க்கும், நொட் (NOT) அந்த விடையை எதிராக மாற்றும். தட்டும்போது சார்புகளையும் கலப் பெயரையும் ஆங்கிலத்தில் அடி:

=இஃப்(நொட்(இஸ்நம்பர்(பி2)),"வரவில்லை",இஃப்(பி2>=75,"ஏ",இஃப்(பி2>=65,"பி",இஃப்(பி2>=50,"சி",இஃப்(பி2>=35,"எஸ்","டபிள்யூ")))))

பரிசுக்கும் ஒரு விதி வைத்திருந்தோம்: தமிழிலோ கணிதத்திலோ 75, வரவு 80 வீதம். சூத்திரமாக்க இருந்தபோதுதான் அந்த வசனத்துக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தெரிந்தது. வரவு இரு பாடக்காரருக்கும் பொதுவா, கணிதத்துக்கு மட்டுமா? தமிழில் 80 எடுத்து 60 வீதம் மட்டும் வந்த பிள்ளைக்கு அடைப்புக்குறி நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பரிசு கிடைக்கும், அல்லது கிடைக்காது. நிர்வாகக் கூட்டத்தில் இரவாகும் வரை கதைத்து, பொது என்று முடிவெடுத்தார்கள். அதன் பிறகே, தமிழ்ப் புள்ளி பி2, கணிதப் புள்ளி சி2, வரவு வீதம் (80 என்ற எண்ணாக) டி2 என்று வைத்து, ஒன்றாவது சரியா என்று பார்க்கிற ஓர் (OR) சார்பையும் சேர்த்து, அன்ட்(ஓர்(அன்ட்(இஸ்நம்பர்(பி2),பி2>=75),அன்ட்(இஸ்நம்பர்(சி2),சி2>=75)),டி2>=80) என்று எழுதினேன். "வரவில்லை" இங்கேயும் 75ஐத் தாண்டிவிடக் கூடாதே. விதியை வகுத்தவர்களிடம் கேட்காமல் நாங்களாக அடைப்புக்குறி போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பிழை வந்தால் அதற்குப் பதில் வேறொன்றைக் காட்டும் இஃப்எரர் (IFERROR) போட்டு எல்லாவற்றையும் மூடிவிடாதே. பிழை கண்ணில் பட்டால்தான் திருத்தலாம். பெயர்களை இடுவதற்கு முன் 75, 74, 35, 34, பூச்சியம், வெறுமை, "வரவில்லை" என்று ஒவ்வொரு நிரையில் போட்டுப் பார்.

உங்கட பள்ளியில் வராதவர்களுக்கு மறுசோதனை உண்டா? உண்டென்றால் அந்தப் புள்ளிக்கு இன்னொரு நிரல் வேண்டும், சூத்திரமும் கொஞ்சம் மாறும். எழுது, செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்