நடுவில் இருக்கும் கட்டு

குரோய்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறாதீர்கள். பரணில் இருக்கும் பழைய கேஸ் கட்டுகளைத் தம்பி இறக்கித் தரட்டும்.

இங்கிலாந்தில் கோர்ட் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியதும், "அங்கே எது ஜாமீனில் விடக்கூடியது, எது விட முடியாதது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வக்கீல் ஆபீசுக்கு யார் அழுதுகொண்டு ஓடி வந்தாலும் நீங்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. இங்கே அப்படி ஒரு பிரிவே இல்லை அப்பா. ஒரு குற்றத்தை எந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்பதை வைத்துத்தான் இவர்கள் வகை பிரிக்கிறார்கள்.

சின்ன வழக்கு, மாஜிஸ்ட்ரேட் விசாரிக்கும் வழக்கு, மேல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய வழக்கு என்று பிரித்து, கட்டுகளின் மேல் எஸ்.டி.சி., சி.சி., பி.ஆர்.சி. என்று எழுதி வைப்பீர்களே, அதை நினைத்துக்கொண்டு படியுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, காயம் படாத சின்ன அடிதடி, இதெல்லாம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே முடிந்துவிடும். கொலை, பாலியல் வன்கொடுமை, வழிப்பறிக் கொள்ளை என்றால் அதற்கு மேலே இருக்கும் கிரவுன் கோர்ட்தான். அங்கே நீதிபதியோடு 12 பேர் ஜூரி, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள். ஆனால் எந்தக் கேஸாக இருந்தாலும் முதலில் மாஜிஸ்ட்ரேட் முன்னால்தான் வர வேண்டும். பெரிய குற்றத்தை அவர் அங்கிருந்து நேரே மேலே அனுப்பிவிடுவார். நம் ஊர் மாதிரி கமிட்டலுக்கு, அதாவது வழக்கை மேல் கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு, வாய்தா வாய்தாவாகப் போவது கிடையாது. இங்கேயும் ஒரு காலத்தில் கமிட்டல் விசாரணை இருந்தது, 2013-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டு இருக்கிறது. திருட்டு, மோசடி, காயம் உண்டாகும்படி அடித்தது எல்லாம் அதில் வரும். இந்த இரண்டு கோர்ட்டில் எதிலும் விசாரிக்கலாம். இதற்குச் சமமான கட்டு நம்மிடம் இல்லவே இல்லை.

வேலையில் காதில் விழுந்ததை நான் வெளியே சொல்லக் கூடாது. அதனால் வேலையில்லாத ஒரு நாள், பொதுமக்கள் உட்காரும் இடத்திலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். அது மாஜிஸ்ட்ரேட் கோர்ட். மேடையில் மாஜிஸ்ட்ரேட்டுகள் மூன்று பேர். மூவரும் வக்கீலுக்குப் படித்தவர்கள் இல்லை, சம்பளமும் கிடையாது. 1361-லிருந்து வருகிற வழக்கமாம் இது. சட்டம் தெரிந்த ஓர் ஆலோசகர் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கூண்டில் ஒரு பையன், நம் தம்பி வயதுதான் இருக்கும். வேலை பார்த்த இடத்தில் பணம் எடுத்ததாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றான். அரசு வக்கீல் சங்கதியைச் சுருக்கமாகச் சொன்னார். மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, இதை நாங்களே விசாரிக்கலாம் என்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ஆலோசகர் எழுந்து அந்தப் பையனிடமே கேட்டார்: "இங்கேயே விசாரிக்கச் சம்மதமா, இல்லை கிரவுன் கோர்ட்டில் ஜூரி முன்னால் விசாரிக்க வேண்டுமா?" இங்கே குற்றவாளி என்று முடிவானாலும், தண்டனைக்காக மேலே அனுப்பப்படலாம் என்பதையும் விளக்கினார். பையன் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஜூரி" என்றான். அவ்வளவுதான். அதை மறுக்க மேடையில் இருந்தவர்களுக்கு அதிகாரம் இல்லை. கூண்டில் நிற்கிறவனைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் அப்பா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஜூரி என்று சொன்னால் காத்திருக்க வேண்டும். கிரவுன் கோர்ட்டுகளில் 70,000 வழக்குகளுக்கு மேல் தேங்கிக் கிடக்கின்றன. அதனால் சில குற்றங்களில் இந்தத் தேர்வு உரிமையை எடுத்துவிடலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவிசன் 2025-ல் கொடுத்த அறிக்கை சொல்கிறது. தேக்கம் உண்மைதான், நானே பார்க்கிறேன். இருந்தாலும் அந்த ஒரு கேள்வி போய்விடக் கூடாது என்றுதான் என் மனம் சொல்கிறது.

சரி, கோர்ட்டுக்கு வருவதற்கு முந்தின கதை. ஸ்டேஷனுக்குள் கொண்டுவந்ததுமே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். 24 மணி நேரத்துக்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். பெரிய குற்றமானால் மேலதிகாரி 36 மணி வரை நீட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாஜிஸ்ட்ரேட்டைக் கேட்க வேண்டும், அவராலும் 96 மணியைத் தாண்ட முடியாது. பயங்கரவாத வழக்குக்கு மட்டும் தனிச் சட்டம். வக்கீல் இலவசம், மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரும் இலவசம். பாதி ராத்திரியில் என்னைக் கூப்பிடுவது அதற்குத்தான். பெரிய வழக்குகளில் குற்றம் சாட்டலாமா என்பதைப் போலீஸ் முடிவு செய்வதில்லை. 1986-லிருந்து அதற்கென்று தனி அரசு வக்கீல் துறை இருக்கிறது. சாட்சியம் நிற்குமா, வழக்குப் போடுவது பொதுநலனுக்கு நல்லதா என்று இரண்டையும் பார்த்துத்தான் அவர்கள் முடிவு சொல்வார்கள். ஆளை ரிமாண்டில் வைத்துவிட்டு 60 நாளோ 90 நாளோ குற்றப்பத்திரிகைக்குக் காத்திருக்கும் வழக்கம் இங்கே இல்லை.

உங்கள் ஜாமீன் கேள்விக்கு வருகிறேன். 1976 ஜாமீன் சட்டப்படி, விடுவதுதான் பொது விதி. விடக் கூடாது என்றால் காரணம் சொல்ல வேண்டும்: ஓடிவிடுவான், சாட்சியைக் கலைப்பான், மறுபடி தப்பு செய்வான் என்று. கொலை வழக்கில் மாஜிஸ்ட்ரேட்டால் ஜாமீன் தர முடியாது, கிரவுன் கோர்ட் நீதிபதிதான் தர வேண்டும். வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடி வெயிலில் அலைவீர்களே, அந்த அலைச்சல் இங்கே பெரும்பாலும் இல்லை. இந்த வீட்டில்தான் தூங்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும், இன்னாரோடு பேசக் கூடாது என்று நிபந்தனை போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும். அந்த நடுக் கட்டுக் குற்றத்துக்கு நான் "இருவழிக் குற்றம்" என்று சொல்லிப் பார்த்தேன். நம் ஊர் அம்மா ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயந்து நிற்கிறவருக்குக் கேட்ட உடனே புரிய வேண்டும். கட்சிக்காரர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்கிற மாதிரி ஒரு சொல் யோசித்து, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. மருந்தை மறக்காமல் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்