செயலாளரின் ஆண்டறிக்கை: புல்லைப் பார்த்தோம், குழியும் தோண்டினோம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதி ஒரே விஷயம்தான்: நிலக்கரி எடுத்து முடித்து, மண் நிரப்பித் திருப்பித் தந்த நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும்?

போன பொதுக்குழுவில் "பச்சையாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். உரம் போட்டு விதைத்த புதிதில் மோசமான மண்ணிலும் புல் பச்சையாக நிற்கும். உரம் நின்று, மழையும் தள்ளிப்போகும்போதுதான் சாயம் வெளுக்கும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ளத்தான் குழி தோண்டினோம்.

மேட்டுத் துண்டில் கடப்பாரை ஒரு முழம்கூட இறங்கவில்லை. கனரக வண்டிகள் ஓடி ஓடி இறுகிய மண். களிமண்ணில் ஒரு கன சென்டிமீட்டர் 1.5 கிராம் எடையை எட்டினாலே வேர் திணறும்; மணல் என்றால் 1.8 வரை பரவாயில்லை. அந்த இறுகலுக்கு மேலே புல்வேர் பாய் விரித்ததுபோல் பக்கவாட்டில் படர்ந்திருந்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். கீழே ஈரம் இருந்தும் அதற்கு எட்டவில்லை.

சரிவுத் துண்டின் சிக்கல் வேறு. அங்கே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்த பாறைத்தூள். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகும். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடும்; அது 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும். இன்றைய பி.எச்.சை மட்டும் பார்த்துச் சுண்ணாம்பு போட்டால் போதாது; இனிமேல் உருவாகப்போகும் அமிலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கூட அறிக்கையில் கரிமச்சத்து ஏராளம் என்று வந்தது. நானே அதைச் செயற்குழுவில் பெருமையாக வாசித்தேன். மண்ணில் கலந்த, புல்லுக்கு உதவாத நிலக்கரித் துணுக்கும் அந்தச் சோதனையில் கரிமமாகவே கணக்காகும் என்று பிறகுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது.

இன்னொன்று: நல்ல எண்களையும் கெட்ட எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. நீர் பிடிக்கும் திறன், இறுக்கம், பி.எச். மூன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்க வேண்டும். ஒன்று கெட்டால் மொத்தமும் கெடும் என்பது அப்போதுதான் எண்ணில் தெரியும். வேர் அதிகமுள்ள மேலடுக்குக்குக் கூடுதல் பங்கு தர வேண்டும்.

சரி, இந்தக் கணிப்பு பலிக்கிறதா என்று புல்லை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டகத்துக்குள் அறுத்து, காயவைத்து நிறுத்தால், ஒரு கிராம் என்பது எக்டேருக்கு 40 கிலோ. பக்கத்தில் சுரங்கம் தோண்டாத நிலத்திலும் அதே நாளில் அறுத்து ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1977 சுரங்கச் சட்டத்தின்படி மீட்ட நிலத்தின் பொறுப்பு மழை மிகுந்த பகுதியில் 5 ஆண்டும், வறண்ட பகுதியில் 10 ஆண்டும் நிறுவனத்தின் தலையில்தான். நாம் ஒரே பருவத்தில் தீர்ப்புச் சொல்லப் பார்த்தோம்.

வரும் ஆண்டு மேட்டில் ஆழ உழுது மறுபடி குழி தோண்டுவதாகத் தீர்மானம். சங்கத்தில் சட்டகம் இரண்டுதான் இருக்கிறது. எடுத்துப்போனவர்கள் அறுவடைக்கு முன் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்