அம்பாசமுத்திரம் அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

போன வாரம் ஃபோனில் "இந்த வயசுலயும் பேய்க்கதைதான் படிக்கியாட்டி?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள், பக்கத்தில் மாமா தொண்டையைச் செருமியது இங்கே வரைக்கும் கேட்டது. அதனால் எழுதுகிறேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் படிக்கச் சிரமமாக இருந்தால் சின்னவளை வாசிக்கச் சொல்லுங்கள், மாமா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து.

1991 மே லீவில் நான் உங்கள் வீட்டில் இருந்தேன். 11 வயது. 22ஆம் தேதி அப்பா வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. 21ஆம் தேதி ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் பஸ் இல்லை, கடை இல்லை, டிவியைப் போட்டால் சோக வாத்தியம் மட்டும். தெருவில் இறங்கக்கூடாது என்று மாமா உத்தரவு. வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை எத்தனை ஆட்டம்தான் பல்லாங்குழி ஆடும்? மூன்றாம் நாள் மச்சுப்படிக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி உங்களிடமே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் சேர்த்தவர், நான் அதைக் கண்டுபிடித்தவள், ரெண்டும் வேறு. வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியில் தைத்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டி, முதுகில் உங்கள் குண்டுக் கையெழுத்தில் கதையின் பெயர். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் சம்பந்தமில்லாத வேறொரு உலகம் பாதியில் நிற்கும்: பாதி ஜோக், கூந்தல் தைல விளம்பரத்தில் முகம் மட்டும் வெட்டுப்பட்ட ஒரு பெண், உப்பு போடுகிற கட்டத்தோடு முடிந்துவிட்ட வத்தக்குழம்பு. கதையில் யாரோ இருட்டில் கதவைத் தள்ளும்போது, மறுபக்கத்தில் அந்த முகமில்லாத கூந்தல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எந்த ஓவியர் நினைத்தாலும் அப்படி ஒரு படம் போட்டிருக்க முடியாது.

பெட்டியில் பி.டி. சாமியின் பேய் நாவல்களும் நாலைந்து கிடந்தன. ஒரே மூச்சில் முடித்தேன், ஜோராகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பேய்கள் எனக்கு ஏற்கனவே பழக்கமானவை. உங்கள் ஊரில் பேய்க்கு விலாசம் உண்டு. இந்தப் புளியமரம், அந்தப் பாழுங்கிணறு, ஆற்றுக்குப் போகும் வழியில் மூன்றாவது வளைவு. அந்தப் பக்கம் உச்சிவேளையில் போகாமல் இருந்தால் போதும், ஆள் பிழைத்துக்கொள்ளலாம். சுடலைமாடன் சாமிகூட அப்படித்தான், கோயில் கொடையில் நடுச்சாமத்தில் வேட்டைக்குப் போகிற வழியில் யாரும் குறுக்கே வராவிட்டால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அப்படி இல்லை. குமுதத்தில் தொடராக வந்தது. கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரமாகப் போன இடத்தில் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் வக்கீல்கள், ஜோக் அடிக்கிறவர்கள், அவர்களே திகைத்து நின்றால் நான் எம்மாத்திரம்? இந்தப் பேய்க்குப் புளியமரம் தேவையில்லை. எந்த வீட்டுத் தோட்டத்திலும் நிற்கும். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் நிற்கும்.

அங்கேதான் சிக்கலே. கக்கூஸ் கொல்லைக் கோடியில். இடையில் முருங்கை மரம், துவைக்கிற கல், கிணறு. ராத்திரி நீங்கள் டார்ச்சைக் கையில் கொடுத்து "கவசத்தைச் சொல்லிக்கிட்டே போ, ஒண்ணும் அண்டாது" என்று அனுப்புவீர்கள். சூலமங்கலம் சகோதரிகள் பாடிக் கேட்டுக் கேட்டு எனக்குக் கந்த சஷ்டி கவசம் மனப்பாடம். ஆனால் அத்தை, அதை நீங்கள் என்றைக்காவது நின்று யோசித்திருக்கிறீர்களா? தேவராய சுவாமிகள் ஒரு பேயைக்கூட விட்டுவைக்கவில்லை. கொள்ளிவாய்ப் பேய், குறளைப் பேய், பெண்களைத் தொடரும் பிரமராட்சதர், காட்டேரி என்று ஆள் எடுக்கிற மாதிரி வரிசையாக நிற்க வைக்கிறார். நடுவில் ஒரு புழக்கடை முனி வருகிறது, பிள்ளைகளைத் தின்பது அதன் வேலை. புழக்கடை என்றால் என்ன அத்தை என்று கேட்டதற்கு, தோசைக்கு அரைத்துக்கொண்டே, "கொல்லைப்புறந்தான்" என்று சொல்லிவிட்டு உளுந்தைத் தள்ளினீர்கள். அன்று ராத்திரி நான் எப்படிப் போய்விட்டு வந்தேன் என்பது எனக்கும் அந்த முனிக்கும்தான் தெரியும்.

பயந்தேன் என்பதைச் சொல்ல இதை எழுதவில்லை. எல்லாப் பிள்ளைகளும்தான் பயப்படும். திரும்பி வந்து, கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, தலையணைக்கடியில் சாவிக்கொத்தை வைத்துவிட்டு, படிக்கவே கூடாது என்று மூடிவைத்த அதே புத்தகத்தை மறுபடி திறந்தேன் பாருங்கள், அது எனக்கே புதிதாக இருந்தது. நெஞ்சு அடிக்கிறது, கை பக்கத்தைப் புரட்டுகிறது. பயத்தில் ஒரு ருசி இருக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை, ஆனால் அதைத் தைத்துப் பெட்டியில் வைத்திருந்தீர்கள்.

முடிவில் ஹாலோகிராம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? (இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்வது ஒன்றும் குற்றமில்லை.) அப்படீன்னா என்ன என்று கேட்டேன். "லைட்ட வச்சு ஆள் நிக்க மாரி காட்டுறதாம். இதுக்கா இவ்வளவு" என்று சலித்துக்கொண்டீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். இன்றைக்கு வரைக்கும் நான் பேய்க்கதையில் விளக்கம் வருவதற்கு முந்தின பக்கத்தின் கட்சி. பின்னால் சன் டிவியில் 'விடாது கருப்பு' வந்தபோது ஊரே வாயைப் பிளந்து பார்த்தது, அதுவும் சாமியா மனசா என்று இரண்டு பக்கமும் இழுத்தது, நீங்கள் கடைசிவரை கருப்பசாமி பக்கம்தான். 2024 நவம்பரில் அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் போய்விட்டார் என்று சொல்ல உங்களுக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன். "குதிர சத்தம் இன்னும் காதுல இருக்குட்டி" என்றீர்கள். வேறொன்றும் பேசவில்லை.

காலேஜில் 'டிராகுலா' படித்தேன். 1897இல் வந்த புத்தகம், முழுக்கவே டைரியும் கடிதமும் தந்தியுமாகத்தான் போகும். ஆங்கிலம் அவ்வளவு ஓடாத காலம், அகராதியும் கையுமாக ஒரு மாதம் பிடித்தது. அப்புறம் நம்ம திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. அதில் பேய் வந்து ஆடுவதெல்லாம் இல்லை, வீட்டு வேலைக்கு ஒருத்தி வருகிறாள், ஒரு வாடை வருகிறது, அவ்வளவுதான். டிராகுலாவுக்கு லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கினேன். காஞ்சனைக்கு முடியவில்லை. கலிங்கத்துப்பரணி படித்தபோது சிரிப்புதான் வந்தது, போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகிற பேய்கள் உங்கள் வீட்டுக் கல்யாணச் சமையல்கட்டை ஞாபகப்படுத்தின.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

உங்கள் 'கொலையுதிர் காலம்' பைண்டிங்கில் ஒரு அத்தியாயம் இல்லை. அத்தியாய எண்களில் ஒன்று தாண்டிப் போகும். அப்போதே கேட்டேன். "அந்த வாரம் புஸ்தகமே வரலட்டி, நான் என்ன செய்ய" என்றீர்கள். நம்பினேன். அந்த ஓட்டையை இட்டு நிரப்ப நானாக யோசித்தவைதான் எத்தனை! அந்த வாரம் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று பத்துப் பதினைந்து விதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடந்தேன், ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒன்று. வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் முழு நாவலையும் வாங்கி அந்த இடத்தைத்தான் முதலில் புரட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. என்னுடையவை இன்னும் மோசமாக இருந்தன.

போன பொங்கலுக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். புத்தகத்தை நன்றாக விரித்து, தையலில் விரலை விட்டுப் பார்த்தால், எண் தாண்டுகிற அந்த இடத்தில் தாள் ஓரம் இருக்கிறது. அரை விரல் அகலம், நூல் அதையும் சேர்த்துத்தான் கோத்திருக்கிறது. புத்தகம் வராத வாரத்துக்கு ஓரம் மட்டும் எப்படி வரும்? தைத்த பிறகு யாரோ கிழித்திருக்கிறார்கள். ஓரத்தில் பாதி எழுத்துகள்கூட இருக்கின்றன.

மாமாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது என்று தெரியும், அதனால் முதலில் அவர்மேல்தான் சந்தேகம் போனது. ஆனால் அவர் கிழித்தால் மொத்தத்தையும் அல்லவா வெந்நீர் அடுப்பில் போட்டிருப்பார்? ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும், அடுத்த பக்கம் கசங்காமல், அவ்வளவு நிதானமாக எடுக்கிற கை எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் ஒன்றுதான். லீவுக்கு நான் வருவதற்கு முன்னாலா, வந்த பிறகா? நான் பயந்துவிடுவேன் என்றா? இல்லை, உங்களுக்கே ராத்திரி கொல்லைக்குப் போக முடியாமல் போனதா?

ஆடியில் கொடைக்கு வருகிறேன். அந்தப் பக்கங்கள் எங்கேயாவது இருந்தால் எடுத்து வையுங்கள். ஒட்டுவதற்கு மயில்துத்தம் நான் வாங்கி வருகிறேன், இங்கே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது.

அன்புடன்,
உங்கள் மருமகள்