மலர்களை மின்னூலாக்கும் முன்

பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தா சேர்த்து வைத்த தைப்பூசச் சிறப்பு மலர்களைக் கோபோ மின்னூல் கருவியில் படிக்கிற மாதிரி ஆக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். மாற்றித் தருவது மென்பொருளுக்குச் சில நிமிட வேலை. பக்கங்களை ஸ்கேன் செய்து அந்தப் படங்களை ஒழுங்குபடுத்துவதுதான் பெரிய வேலை. அதைத் தாண்டிக் குதித்தால் கடைசியில் படக் குவியல்தான் மிஞ்சும்.

முதலில், படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே. அது சுருக்கிவிடும்; சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, ‘க்’ எது ‘க’ எது என்று தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பு. ஸ்கேன் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்கட்டும். ஏ5 பக்கத்துக்கு ஏறக்குறைய 1748க்கு 2480 பிக்சல் வரும். தாள் மெலிசாக இருந்து பின்பக்க அச்சு தெரிந்தால், தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து எடு. வெள்ளை அட்டை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி அந்த அச்சை இன்னும் தூக்கிக் காட்டும்.

மலர்களின் ஸ்டேப்பிள் துருப்பிடித்திருக்கும். இழுக்காதே, பின்புறம் மடிந்த கால்களை நிமிர்த்திவிட்டுக் கழற்று. கழற்றிய பிறகுதான் கவனம் வேண்டும். 32 பக்க மலரில் வெளித்தாளின் ஒரு புறம் 32-ம் 1-ம் இருக்கும். மறுபுறம் 2-ம் 31-ம். எந்தத் தாளை எடுத்தாலும் ஒரு புறத்துப் பக்கங்களைக் கூட்டினால் 33 வர வேண்டும். வராவிட்டால் அது இந்த மலரின் தாள் இல்லை. நடுவில் எண்கள் விட்டுப்போயிருந்தால் ஏதோ தாள் இல்லை. ஸ்கேன் செய்த படங்களை ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் போட்டால் இடம் வலமாகப் பிரித்து, சாய்வை நிமிர்த்தி, ஓரத்தைச் சமன் செய்து தரும். ஆனால் அதற்குப் பக்க வரிசை தெரியாது. இடப்பக்கம் முதலில், வலப்பக்கம் அடுத்து என்றுதான் பெயர் வைக்கும். அப்படியே விட்டால் கடைசிப் பக்கம் முதலில் வந்து நிற்கும்.

அதனால் அச்சிட்ட பக்க எண்ணைப் பார்த்து நீயே பெயர் மாற்று: 001, 002 என்று மூன்று இலக்கமாக. வெறும் 1, 2 என்று வைத்தால் பல கருவிகள் 1-க்குப் பிறகு 10-ஐக் காட்டும். விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதே. அந்தக் காலத்து மளிகைக்கடை, நகைக்கடைப் பெயரெல்லாம் அதில்தான் இருக்கும். ஸ்கேன் டெய்லர் டிஃப் கோப்பாகத்தான் தரும், பல வாசிப்புக் கருவிகள் அதைத் திறக்காது. எழுத்துப் பக்கங்களைச் சாம்பல் நிற பிஎன்ஜி ஆக்கு, புகைப்படப் பக்கங்களை ஜேபெக் ஆக்கு.

இனி மாற்றுவது சுலபம். கோப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து ஜிப் செய்து, கோப்புப் பெயரின் கடைசியில் வரும் .zip என்பதை .cbz (சிபிஇசட்) என்று மாற்றினால் போதும், கோபோ திறந்துவிடும். அமேசானின் கிண்டில் கருவி சிபிஇசட்டைத் திறக்காது. அண்ணனுக்கு அனுப்புவதென்றால் கிண்டில் காமிக் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் அவன் கருவியைத் தேர்ந்தெடுத்து இபப் என்ற மின்னூல் கோப்பாக்கு. மங்கா என்ற கட்டத்தைத் தொடாதே, அது ஜப்பானியக் காமிக்ஸுக்கானது; தொட்டால் பக்கங்கள் வலமிருந்து இடமாகப் புரளும். மின்னஞ்சலில் கிண்டிலுக்கு அனுப்ப 50 எம்பி வரைதான். பெரிதாக இருந்தால் அமேசானின் இணையப் பக்கம் வழியாக ஏற்று, அங்கே 200 எம்பி வரை போகும். கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் மாற்றினால் காமிக் பகுதியில் படத்தின் நீள அகல விகிதத்தைக் காப்பாற்றும் கட்டத்தை டிக் செய். இல்லாவிட்டால் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்து, எழுத்தையெல்லாம் ஒல்லியாகவோ குண்டாகவோ ஆக்கிவிடும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழ் உண்டு. ஆனாலும் இந்த மலர்களுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 1978-க்கு முந்திய அச்சில் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும், றா, னா வேறு மாதிரி இருக்கும், மென்பொருள் தடுமாறும். வரிக்கு வரி திருத்த ஆள் வேண்டும். பொருளடக்கத்தையும் எழுதியவர்கள் பெயரையும் மட்டும் கையால் தட்டச்சு செய்து வை. தேட அது போதும்.

முதல் ஸ்கேன்களை அழிக்காமல் தனி ஹார்ட் டிஸ்கில் வை. ஒரு மலரை மட்டும் முடித்து அனுப்பு, பக்க வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா