சாவி–பூட்டுப் படத்தோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

வளர்ச்சிக் காரணி (கலத்தை வளரத் தூண்டும் புரதம்) கலத்தின் வாங்கியில் (அந்தச் செய்தியை ஏற்கும் கலமென்சவ்வுப் புரதம்) பிணைவதைச் சொல்லும்போது உங்கள் கல்விப் பக்கம் உட்பட எங்கும் சாவி–பூட்டுப் படமே வருகிறது. சரியாகப் பொருந்தும் சாவிதான் பூட்டைத் திறக்கும் என்று 1894இல் வேதியியலாளர் எமில் பிஷர் நொதியங்களுக்காகச் சொன்ன உவமை அது. இங்கு அதைப் போட்டால் நடப்பதில் பாதி மறைந்துவிடும். வன்னியில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே மனனம் செய்துகொண்டு வருகிறார்கள்.

மேற்றோல் வளர்ச்சிக் காரணியை எடுப்போம். 53 அமினோ அமிலங்களும் மூன்று இருசல்பைட்டுப் பிணைப்புகளும் கொண்ட சிறு புரதம். அதன் வாங்கி கலத்துக்கு வெளியே நான்கு துண்டங்களாக நிற்கிறது. காரணி இல்லாதபோது இரண்டாம் துண்டத்தின் கை நான்காம் துண்டத்தைப் பிடித்தபடி மடிந்து கிடக்கும். காரணி முதலாம், மூன்றாம் துண்டங்களை ஒருசேரப் பிடிக்கும்போது வாங்கி ஏறத்தாழ 130 பாகை திரும்பி விரிகிறது. கை வெளியே நீள்கிறது. அது பக்கத்து வாங்கியின் கையோடு கோத்துச் சோடியாகும். அதன் பிறகுதான் கலத்தின் உள்ளே, வாங்கிகளின் கைனேஸ் (பொசுபேற்று ஏற்றும் நொதியப் பகுதி) ஒன்று மற்றதைத் தூண்ட, வாங்கிகளின் வால்களிலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பொசுபேற்று ஏறுகிறது.

மூன்றாம் துண்டத்தில் பிடி இறுகக் காரணியின் 41ஆம் அமினோ அமிலமான ஆர்ஜினினும் 47ஆவதான லியூசினும் தேவை. ஆர்ஜினினின் நேரேற்றம் எதிரே வாங்கியில் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தின் எதிரேற்றத்தோடு பிணைகிறது. லியூசின் நீரை வெறுக்கும் குழியில் அமர்கிறது. இவற்றில் ஒன்றை மாற்றினாலே பிணைப்பு மிகவும் தளர்ந்துவிடும்.

இதை வகுப்பில் செலவில்லாமல் காட்டலாம். 20 சென்ரிமீற்றர் பனையோலைக் கீற்றை நான்காக மடியுங்கள்; கீற்றுத்தான் வாங்கி, ஒவ்வொரு மடிப்பும் ஒரு துண்டம். காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும், முதலில் நீரில் ஊறவிடுங்கள். இரண்டாம் மடிப்பின் பின்புறம் கைக்குப் பதிலாக ஒரு கம்பிக் கொக்கி குத்தி, அதை நான்காம் மடிப்பில் மாட்டுங்கள். இதுதான் மூடிய நிலை. இப்போது முதலாம், மூன்றாம் மடிப்புகளுக்கு இடையே காரணிக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையை வைத்துப் பிடிக்கப் பாருங்கள். கொக்கியைக் கழற்றாமல் முடியாது. இப்படி விரித்த இரண்டு கீற்றுகளை முதுகோடு முதுகு வைத்தால் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் வழக்கமாகக் கொட்டையை இரு கீற்றுகளுக்கு நடுவில் வைத்துவிடுவார்கள். அது பிழை; இங்கே இரண்டு கொட்டைகளும் வெளிப்புறங்களில்தான் இருக்கும். நடுவில் நின்று இரு வாங்கிகளை இழுத்துச் சேர்ப்பது குருதிக்கலன் வளர்ச்சிக் காரணி, அது தானே ஒரு சோடி. இன்சுலினின் வாங்கியோ ஏற்கெனவே இருசல்பைட்டால் சோடி சேர்ந்தது.

இந்த வேறுபாடு பரீட்சைக்கு மட்டுமானதல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹேர்–2 (HER2) வாங்கிக்கு நேரடியாகப் பிணையும் காரணி எதுவும் அறியப்படவில்லை. அதன் கை எப்போதும் நீண்டே நிற்கிறது. சாவியே இல்லாத பூட்டை எப்படி விளக்குவது? மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றப்படும் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து ஹேர்–2இன் நான்காம் துண்டத்தைப் பிடிக்கிறது, பேர்ட்டுசுமாப் என்ற மருந்து அந்தக் கையையே மூடுகிறது. சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் உறவினர் உள்ள பிள்ளைகளுக்கு இது வெறும் பாடமல்ல.

அடுத்த முறை மூடிய நிலையையும் விரிந்த சோடியையும் அருகருகே அச்சிடுங்கள். கையைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.

உயர்தர உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி