பெட்ரோலை முடிவு செய்த பிறகுதான் டியூனிங்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வேகக் கார்களின் டியூனிங், அதாவது சக்தியைக் கூட்ட இன்ஜினை மாற்றியமைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டர்போ, எக்ஸாஸ்ட், இன்டர்கூலர் என்று விரிவாக எழுதிய கட்டுரையாளர், பெட்ரோல் விஷயத்தை மட்டும் ‘ஆக்டேன் கூடினால் சக்தி கூடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பலர் பணத்தையும், சில சமயம் இன்ஜினையும் இழக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் சக்தியின் அளவு கிடையாது. அழுத்தமும் சூடும் ஏறும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. பிளக் கிளப்பிய தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடேறித் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். ஆற்றலுக்கும் ஆக்டேனுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ஆக்டேன் எண் 100-க்கு மேல். ஆனால் ஒரு லிட்டரில் கிடைக்கும் ஆற்றலோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அப்படியானால் ஆக்டேன் 98 பெட்ரோல் போட்டால் கார் நன்றாக இழுக்கிறது என்கிறார்களே? சில கார்களில் உண்மைதான். இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் இருக்கும். நாக்கிங்கின் தட்டல் கேட்டதும், இன்ஜினை இயக்கும் கணினியான இசியூ பொறி விழும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும், சக்தி குறையும். 98-ஐ நினைத்து வடிவமைத்த இன்ஜினில் 95 போட்டால், வெயிலிலும் முழு ஆக்சிலரேட்டரிலும் இந்தக் குறை தெரியும். 95-க்கென்றே அமைத்த சாதாரண இன்ஜினில் 98 ஊற்றினால், கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள அதற்கு வழியே இருக்காது. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். ‘குறைந்தபட்சம்’ என்பது ஒன்று, ‘பரிந்துரை’ என்பது வேறு.

எந்த அளவுகோலில் அந்த எண் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் பங்க்கில் எழுதியிருப்பது ரிசர்ச் ஆக்டேன் நம்பர், சுருக்கமாக ரான். அமெரிக்காவில் எழுதுவது ரானையும் மோட்டார் ஆக்டேன் நம்பரையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி. மோட்டார் முறையில் கலவையை அதிகம் சூடாக்கி, வேகமாக ஓடும் இன்ஜினில் சோதிப்பதால் எண் குறைவாகத்தான் வரும். எனவே ஒரே பெட்ரோலுக்கு அமெரிக்கச் சராசரி நான்கைந்து குறைந்து நிற்கும். அங்கே 91 என்பது ரான் கணக்கில் 95, 96. அங்கே 87 என்பதுதான் ரான் 91. பொறி நேரம், எரிபொருள் அளவு போன்றவற்றை இசியூவுக்குச் சொல்லும் அட்டவணைதான் மேப். இணையத்தில் அமெரிக்க ‘91-க்கான மேப்’ என்று ஒன்றை வாங்கி, ரான் 91 பெட்ரோலோடு ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பிரீமியம் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பைச் சாதாரணப் பெட்ரோலில் ஓட்டுகிறார்.

அப்புறம் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள். ‘30 பாயின்ட் ஏறும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்தத் தொழிலில் ஒரு பாயின்ட் என்பது பொதுவாக 0.1 ஆக்டேன். 95 என்பது 125 ஆகிவிடாது, 98 ஆகலாம், அதுவும் சொன்ன அளவு கலந்தால். இவற்றில் இரும்புச் சேர்மம் கலந்த சில வகைகள் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செம்மஞ்சள் படிவை விட்டுவைக்கும். மின்சாரம் அதன் வழியாக ஓடிவிட்டால் பொறி தவறும். இதை நம்பி ஒரு மேப்பை ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன்.

சரி, டியூனிங்குக்கு வருவோம். டர்போ இல்லாத இன்ஜினில் வெறும் ரீமேப்பால், அதாவது மேப்பை மாற்றி எழுதுவதால் கிடைப்பது சொற்பம், மனத்திருப்திதான் மிச்சம். டர்போ இன்ஜினில் பூஸ்ட்டை, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது? மட்டமான பெட்ரோல், கடும் வெயில், வயதான பிளக் எல்லாவற்றையும் நினைத்துத் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியிலிருந்துதான். ஆகவே, நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் எந்தப் பெட்ரோல் எப்போதும் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். அதற்குத்தான் மேப். 98 அரிதாகக் கிடைக்கும் இடத்தில் 98 மேப்போடு சுற்றுவது தேவையில்லாத வம்பு.

டியூனரிடம் டைனோ (சக்தியை அளக்கும் இயந்திரம்) காகிதத்தில் உள்ள உச்ச எண்ணை மட்டும் கேட்காதீர்கள். முழு ஆக்சிலரேட்டரில், ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி விழும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது, உள்ளே போன காற்றின் வெப்பம் எவ்வளவு என்ற பதிவைக் கேளுங்கள். முதல் ஓட்டத்தில் வந்த சக்தி, அடுத்தடுத்த ஓட்டங்களில், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடான பிறகும் வருகிறதா? பதிவைக் காட்டத் தயங்குபவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளும், நடுவே மினுக்கும் அலுமினியத் துகளும் இருந்தால், பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடைவது பிஸ்டன் மட்டுமல்ல. கூடிய டார்க்கில் கிளட்ச்தான் பெரும்பாலும் முதலில் வழுக்கும். வாரன்டி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. சிறிய டர்போ இன்ஜின்களில், உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தினால், பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதை ஆக்டேனை மட்டும் நம்பிச் சமாளிக்க முடியாது. ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால்தான் 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற இன்ஜின் ஆயில் தரத்தில் இதற்கென்றே சோதனை இருக்கிறது. டியூனிங் செலவோடு ஆயில் டப்பாவையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். கார் சோதனைப் பக்கத்தில் டயர் அளவு முதல் டிக்கியின் கொள்ளளவு வரை பட்டியல் போடுகிறீர்கள். 0–100 நேரத்துக்குப் பக்கத்தில், எந்த ஆக்டேன் பெட்ரோலில் அது எடுக்கப்பட்டது, அன்று வெப்பநிலை என்ன என்ற இரண்டு விவரங்களையும் இனி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்