மொட்டை டயரும் மழைச் சாலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால விபத்துகள் பற்றிய கட்டுரையில், டயர் பள்ளம் தேய்ந்தால் உராய்வு குறைந்து வண்டி வழுக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பாதி சரி. விட்டுப்போன பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

காய்ந்த தார்ச்சாலையில் மொட்டை டயரும் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்கள் வெயில் நாளில் பள்ளமே இல்லாத டயரில்தான் ஓடுகின்றன. சாலையைப் பற்றுவது ரப்பர். பள்ளத்தின் வேலை தண்ணீருக்கு வழிவிடுவது. அதனால் கோடை முழுக்க ஓட்டியவருக்கு டயர் தேய்ந்த சேதியே தெரியாது. மழை வந்ததும், ஒதுங்க இடமில்லாத தண்ணீர் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே படலமாகத் தங்கிவிடுகிறது. முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அதோடு குழைந்து இன்னும் மோசமாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலையின் பிடியைச் சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் காய்ந்த சாலையில் 0.7 என்று கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த வண்டி சுமார் 20 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் அது 0.4 ஆனால் 35 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடிவிடும் 17 மீட்டர் தனி. வேகத்தை 40 ஆக்கினால் அதே ஈரத்தில் 16 மீட்டர் போதும்.

இன்னொன்று. பிரேக் பிடிப்பது சக்கரத்தைத்தான்; வண்டியை நிறுத்துவது சாலை. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் ரப்பர் அந்தக் கணம் நழுவுவதில்லை. அங்கே இருப்பது நிலை உராய்வு. ஓங்கி அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் நழுவு உராய்வுதான் மிச்சம், அது குறைவு. முன்சக்கரம் பூட்டினால் ஹேண்டிலும் பேச்சைக் கேட்காது. உடனே பிரேக்கைத் தளர்த்தி மறுபடி மெல்ல அழுத்த வேண்டும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இதைத் தானே செய்யும். ஆனால் பல பைக்குகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான்.

முன்பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் பலர். இது தவறு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடி குறைகிறது. வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நனைந்த வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி, சாலையில் காயவைத்த நெல் இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். நெல்மணிகள் டயருக்கடியில் குண்டுகள்போல உருளும்.

கட்டுரை தொடாத ஒரு விஷயம்: வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பளபளப்புக்காக அடிக்கும் ஆயில். டிஸ்க்கில் பட்டால் பிரேக் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துடைத்துப் பயனில்லை, பேடையே மாற்ற வேண்டும். தரையில் படும் பகுதியில் டயர் பாலிஷும் கூடாது. அடிக்க வேண்டாம் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடலாம்.

டயரின் ஓரத்தில் சிறு முக்கோணக் குறியோ தேய்மானக் குறியைச் சுட்டும் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்திருந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தக் குறியை ஒரு படமாக வெளியிடுங்கள். வாசகர்கள் வாசலில் நிற்கும் வண்டியிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.